.22 ரைஃபிள்: மூன்று குண்டை நம்பி முடிவெடுக்காதீர்கள்

50 மீட்டர் ரைஃபிள் போட்டி அட்டையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவுதான். பொழுதுபோக்காக .22 (0.22 அங்குலக் குழல் உள்ள சிறு ரைஃபிள்) சுடுகிறவர்களுக்கும் சீக்கிரமே அதன் மேல் ஆசை வந்துவிடுகிறது. வந்ததும் புது ஸ்கோப், புது ட்ரிகர் என்று செலவு தொடங்குகிறது. பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை.

மூன்று குண்டு சுட்டதுமே தீர்ப்பு எழுதுவதுதான் பெரிய தவறு. சுமாரான தோட்டாகூட அவ்வப்போது மூன்றை ஒட்டினாற்போல் போடும். அந்த ஒரு அட்டையை போனில் படம் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டுவார்கள்! பத்துப் பத்தாகச் சில அட்டைகள் சுட்டு, மோசமானதையும் சேர்த்துப் பாருங்கள். அதுதான் உங்கள் ரைஃபிள்.

அடுத்தது தோட்டா. .22 வகையில் தீப்பொறி மருந்து தோட்டாவின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். பெரிய ரைஃபிள் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே மருந்து அளந்து நிரப்பிக்கொள்வதுபோல் இதில் செய்ய முடியாது; பொருத்தமானதைத் தேடி வாங்குவது ஒன்றே வழி. ஒரே பிராண்டிலும் லாட்டுக்கு லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) வித்தியாசம் தெரியும். அதனால்தான் போட்டியாளர்கள் பர்மிங்ஹாமில் உள்ள ஈலி தோட்டா நிறுவனத்துக்கும் ஜெர்மனியின் ஷோனபெக்கில் உள்ள லாபுவா சோதனைக்கூடத்துக்கும் ரைஃபிளோடு போய் லாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, பிடித்த லாட் எண்ணிலேயே மொத்தமாக வாங்கினால் போதும். வகை மாற்றும்போது முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய குண்டின் மெழுகு குழலில் படிந்திருக்கும்.

வேகமான தோட்டா நேராகப் போகும் என்ற நம்பிக்கையும் தவறு. ஹை வெலாசிட்டி வகை விநாடிக்கு 380 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஒலியின் வேகம் சுமார் 340. வழியில் அந்த எல்லையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது குண்டு தடுமாறலாம். சாதாரண வகை 325-ஐ ஒட்டியே கிளம்புவதால் இந்தச் சிக்கல் இல்லை. அதைவிட வேடிக்கை, பக்கக் காற்றில் வேகமானதுதான் அதிகம் விலகும். காற்று எதிர்த்து அதன் வேகத்தை எவ்வளவு தின்கிறதோ, அந்த அளவுக்கு விலகல் கூடும். ஆகவே 50 மீட்டர்தானே என்று காற்றைக் காட்டும் கொடி நடாமல் சுடாதீர்கள். இந்தச் சின்ன ஈயக் குண்டுக்கு மெல்லிய காற்றே போதும்.

சிலவற்றைச் சட்டென்று சொல்லிவிடலாம். பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்பின் பாரலாக்ஸ் (கண் நகர்ந்தாலும் குறி நகராத தூரம்) பொதுவாக 100 கஜத்துக்கு அமைக்கப்பட்டிருக்கும்; 50 மீட்டரில் தலை அசைந்தால் குறியும் நகரும். தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்தால் சில ரைஃபிள்களில் தோட்டாவை அடிக்கும் ஊசி குழல் விளிம்பில் மோதிப் பள்ளம் விழும், கையேட்டைப் பாருங்கள். தோட்டா வெடிக்கவில்லையா? முனையை இலக்கை நோக்கியே 30 விநாடி வைத்திருங்கள், உடனே திறக்க வேண்டாம்.

கடைசியாக, அடுத்தவர் அட்டையில் சுடுவது. சிரிக்காதீர்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மாத்யூ எமன்ஸ் மூன்று புள்ளி முன்னிலையோடு கடைசிக் குண்டைப் பக்கத்துத் தடத்தின் இலக்கில் சுட்டார். பூஜ்யம். தங்கம் சீனாவின் ஜியா ஜான்போவுக்கு, எமன்ஸுக்கு எட்டாம் இடம். ஸ்கோப்பில் முதலில் தட எண்ணைப் பாருங்கள், அப்புறம் கறுப்பு வட்டத்துக்கு இறங்குங்கள்.