முதல் கர்ப்பம்: கிளினிக்கில் பெயர் பதியப் போகும் நாள்

வீட்டிலேயே சோதித்துப் பார்த்து இரண்டு கோடு தெரிந்துவிட்டதா? அடுத்த வேலை அரசாங்கத் தாய்சேய் கிளினிக்கில் பெயர் பதிவது. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருந்துகொண்டு நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். முதல் பிள்ளைக்குக் காத்திருக்கும் தங்கைகளுக்காகவே இது.

படி 1: எப்போது போவது?

12 வாரம் முடிவதற்குள் போய்விடுங்கள். மூன்று மாதம் ஆகும் வரை வெளியே மூச்சு விடாதே என்று நம் வீடுகளில் சொல்வார்கள். என் மாமியாரும் சொன்னார். ஊருக்குச் சொல்லாமல் இருப்பது உங்கள் விருப்பம். தாதியிடம் சொல்வது ஊருக்குச் சொல்வது ஆகாது. கர்ப்பத்தின் வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அதனால் நாள் தள்ளிப்போனதை நீங்கள் உணரும்போதே ஏறக்குறைய நான்கு வாரம் ஓடியிருக்கும். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகத் தொடங்கும் காலம் அதுதான். ஃபோலிக் அமில மாத்திரை அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான். மூன்று மாதம் கழித்துப் போனால் அந்தக் காலம் கடந்துவிடும்.

படி 2: பையில் என்ன வைப்பது?

உங்கள் அடையாள அட்டை, கணவரின் அடையாள அட்டை, திருமணப் பதிவுச் சான்றிதழ், ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளின் உறைகள், ஒரு போத்தல் தண்ணீர், கொஞ்சம் ரொட்டி. காத்திருக்க நேரமாகும். சிறுநீர்ப் பரிசோதனை இருப்பதால் புறப்படும்போது கழிவறைக்குப் போய்விட்டு வராதீர்கள்.

படி 3: அந்தத் தேதி

முழுக்க முழுக்க இந்தப் படிக்குத்தான் தயாராக வேண்டும். உட்கார்ந்ததும் தாதி மலாயில் கேட்கும் கேள்வி, "பிலா ஹைட் தெராக்கிர்?" கடைசி மாதவிடாய் எப்போது என்று அர்த்தம். அவருக்கு வேண்டியது அது தொடங்கிய முதல் நாள். முடிந்த நாளைச் சொன்னால் கணக்கு முழுவதும் விலகும். "தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் கழித்து" என்ற பதிலும் போதாது.

பிரசவ நாளைக் கணக்கிடும் முறை எளிது: அந்தத் தேதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டுங்கள். மார்ச் 10 என்றால் டிசம்பர் 17. இது 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருபவர்களுக்குப் பொருந்தும். எனக்கு அப்படி வருவதில்லை. ஒரு மாதம் 35 நாள், அடுத்த மாதம் இன்னும் தள்ளும். அதனால் கூட்டிப் பார்த்த தேதியும் ஸ்கேன் காட்டிய தேதியும் ஒத்துப்போகவில்லை. உங்களுக்கும் ஒழுங்காக வராது என்றால் முதலிலேயே வாய் திறந்து சொல்லுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் குழந்தையின் வயதைச் சரியாகக் காட்டும். பிற்பாடு ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு வேகத்தில் வளர்வதால் அந்தத் துல்லியம் குறைகிறது. விரைந்து போக இதுவும் ஒரு காரணம்.

தேதி குறிக்கக் கைப்பேசிச் செயலிகள் நிறைய உண்டு. எனக்கு மளிகைக் கடையில் தீபாவளிக்குக் கொடுக்கும் பெரிய மாதக் காலண்டர்தான் பிடிக்கும். அடுப்படிச் சுவரில் தொங்கும் அதில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டால் போதும். கைப்பேசி கெட்டாலும் அது இருக்கும், கணவரும் பார்ப்பார். கிளினிக்குக்குப் போகும்முன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: உள்ளே நடப்பது

உயரம், எடை, இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். இரத்தம் எடுத்து இரத்தப் பிரிவு, ஹீமோகுளோபின், எச்ஐவி, சிபிலிஸ் முதலியவற்றைச் சோதிப்பார்கள். எச்ஐவி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம்; எல்லாத் தாய்மார்களுக்கும் செய்வதுதான். வீட்டில் அம்மா, அப்பா, உடன்பிறந்தவர் யாருக்காவது நீரிழிவு இருந்தால் மறைக்காதீர்கள். சர்க்கரைப் பரிசோதனைக்கு வேறொரு நாள் வரச் சொல்வார்கள். இரவு முழுக்கச் சாப்பிடாமல் போய், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும். அந்தத் தண்ணீர் தொண்டையில் ஒட்டும் அளவுக்குத் தித்திக்கும். வாந்தி எடுத்துவிட்டால் உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

கையில் இளஞ்சிவப்புப் புத்தகம் ஒன்று கொடுப்பார்கள். எங்கே போனாலும் அது உங்களோடு வர வேண்டும். அதில் வண்ண ஒட்டு இருக்கும். வெள்ளை என்றால் வழக்கமான கவனிப்பு, பச்சை என்றால் கிளினிக் டாக்டரின் பார்வை, மஞ்சள் என்றால் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், சிவப்பு என்றால் உடனடிச் சேர்க்கை. பச்சையைப் பார்த்துப் பயந்து அழ வேண்டாம்.

படி 5: வீட்டுக்கு வந்த பிறகு

இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள். தேநீரில் உள்ள பொருள்கள் இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கின்றன. காலைத் தேநீருக்கும் மாத்திரைக்கும் நடுவே ஓரிரு மணி நேரம் விடுங்கள். கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொண்டால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். இரத்தப்போக்கோ கடும் வயிற்றுவலியோ வந்தால் அடுத்த சந்திப்பு நாளுக்குக் காத்திராமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

பிற்சேர்க்கை: கோயிலில் தாலி கட்டி இன்னும் பதிவு செய்யாதவர்கள் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சான்றிதழ் இல்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஆனால் அதே வாரம் தேசியப் பதிவு இலாகாவுக்கும் ஒரு நடை போங்கள். 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி நம் திருமணங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். பதியாமல் பிள்ளை பிறந்தால் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயரைச் சேர்ப்பதிலேயே சிக்கல் தொடங்கும். அம்மா மலேசியக் குடிமகளாக இல்லாவிட்டால் பிள்ளையின் குடியுரிமையும் கேள்விக்குறியாகும். தோட்டங்களில் அடையாள அட்டை இல்லாமல் வளர்ந்து அல்லல்பட்ட பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். வயிறு தெரிவதற்கு முன்பே, இருவரும் சேர்ந்து போய் இதை முடித்துவிடுங்கள்.