அணைய மறுத்த கூடத்து விளக்கும் யுனிவர்சல் ரிமோட்டும்

கூடத்து விளக்குக்கான ரிமோட்டின் குறியீட்டை யுனிவர்சல் ரிமோட்டில் பதிவு செய்தபின், முதல் அழுத்தலில் விளக்கு எரிந்தது. அதே பொத்தானை மீண்டும் அழுத்தினால் அணையவில்லை.

பேட்டரிகளை மாற்றினேன், அருகில் நின்று அழுத்தினேன், எல்இடி ஒளி, ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் ரிசீவரைக் குழப்புகிறதோ என்று அதை அட்டையால் மறைத்தும் பார்த்தேன். குறியீட்டைப் பலமுறை புதிதாகப் பதிந்தும் பயனில்லை.

இடையில் மின்விசிறிப் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டால் மட்டும் விளக்கு ஒழுங்காக அணைவதை அப்போதுதான் கவனித்தேன், இதில்தான் விடை இருந்தது.

அந்த விளக்கு ஆர்சி-5 என்ற அகச்சிவப்பு ரிமோட் குறியீட்டு முறையில் இயங்குவது. 36 கிலோஹெர்ட்ஸ் அலையில் செல்லும் அதன் 14 பிட் செய்தியில் டாகிள் பிட் என்ற ஒன்று உண்டு. பொத்தானை விட்டு மறுபடி அழுத்தும்போதெல்லாம் அது 0, 1 என மாறும். அழுத்தியபடியே இருந்தால் மாறாமல் அதே செய்தி சுமார் 114 மில்லிநொடிக்கு ஒருமுறை திரும்பச் செல்லும். பதிவு செய்த குறியீட்டிலோ அந்தப் பிட் உறைந்துவிடுகிறது. ஆகவே எத்தனை முறை அழுத்தினாலும், விரல் இன்னும் எடுக்கப்படவில்லை என்றே ரிசீவர் கருதுகிறது. இடையில் வேறு கட்டளை வந்தால்தான் அடுத்ததைப் புதிய அழுத்தலாக ஏற்கிறது.

பதிந்ததை அழித்துவிட்டு, ரிமோட்டின் அமைப்பில் ஆர்சி-5 முறையைத் தேர்ந்தெடுத்து, சாதன எண்ணையும் கட்டளை எண்ணையும் நேரடியாக உள்ளிட்டதும், டாகிள் பிட்டை ரிமோட்டே மாற்றத் தொடங்கியது. பெரும் நிம்மதி. எண்களை உள்ளிட வசதியில்லாத ரிமோட்டில், விளக்குக் கட்டளைக்கு முன் ரிசீவர் ஏற்கும், ஆனால் எதையும் இயக்காத வேறொரு கட்டளையை மேக்ரோவாக (ஒரே அழுத்தலில் வரிசையாகச் செல்லும் கட்டளைகளாக) சேர்த்தாலும் விளக்கு அணையும்.