போர்ட்ரெய்ட்டுக்கு முதல் லென்ஸ்: வாங்கும் முன் வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை

போர்ட்ரெய்ட்டுக்கு, அதாவது ஆட்களைப் படம் எடுக்க, எந்த லென்ஸ் என்று யாரைக் கேட்டாலும் “50 மி.மீ., எஃப் 1.8 வாங்கு” என்பார்கள். நல்ல பதில்தான். ஆனால் உங்கள் கேமராவுக்கும் நீங்கள் படம் எடுக்கும் இடத்துக்கும் அது பொருந்துமா என்பதை நீங்களேதான் பார்க்க வேண்டும். அப்பர்ச்சர் (ஒளியை உள்ளே விடும் லென்ஸ் திறப்பு) மாற்றத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: சென்சார்

சென்சார் என்பது கேமராவுக்குள் படம் பதியும் சில்லு. அது சின்னதானால் அதே லென்ஸ் இன்னும் நெருக்கமாகக் காட்டும். ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) என்றால் கணக்கே வேண்டாம். ஏபிஎஸ்-சி (அதைவிடச் சின்ன சென்சார்) என்றால் லென்ஸில் உள்ள மி.மீ. எண்ணை 1.5-ஆல் பெருக்குங்கள், கேனானில் மட்டும் 1.6. அதாவது 50 மி.மீ. லென்ஸ் அதில் 75 அல்லது 80 போலக் காட்டும். இன்னும் சின்னதான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் இரண்டால் பெருக்க வேண்டும்.

படி 2: கிட் லென்ஸ் சோதனை

இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கிட் லென்ஸ், அதாவது ஏபிஎஸ்-சி கேமராவோடு வரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ், போதும். ஒருவரை உட்காரவைத்து, கேமராவை நெட்டுவாக்கில் பிடித்து, 18-இல் வைத்து, முகம் ஃப்ரேமில் பாதி உயரம் வரும்வரை நெருங்கி ஒரு படம் எடுங்கள். அப்புறம் 35-இல் ஒன்று, 55-இல் ஒன்று. ஒவ்வொரு முறையும் பின்னால் நகர்ந்து, முகத்தின் அளவு மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 18-இல் மூக்கு புடைத்து, காதுகள் பின்னால் ஒளிந்திருக்கும். 55-இல் நமக்குத் தெரிந்த முகம் இருக்கும். இந்த மாற்றத்துக்குக் காரணம் நீங்கள் நின்ற தூரம். 18-இல் லென்ஸுக்கும் மூக்குக்கும் இடையே சுமார் 40 செ.மீ.தான், காதோ இன்னும் 10 செ.மீ.க்கு மேல் பின்னால், அதாவது கால் பங்கு அதிக தூரம். 55-இல் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்பீர்கள். அங்கே அந்த 10 செ.மீ. பெரிதாகத் தெரியாது.

எனவே முதலில் தூரத்தை முடிவு செய்யுங்கள். ஏபிஎஸ்-சியில் இடுப்புவரை எடுக்க 50-க்குச் சுமார் இரண்டு மீட்டர் போதும். 85-க்கு மூன்று மீட்டருக்கு மேல் வேண்டும். சின்ன அறையில் முதுகு சுவரில் முட்டும். வெளியில்தான் எடுப்பேன் என்றால் 85 அருமையான லென்ஸ். ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் 85-க்கே போகலாம்.

படி 3: அப்பர்ச்சர்

எஃப் 1.8 போதும் (எண் சிறியதானால் திறப்பு பெரிது). கிட் லென்ஸ் 55-இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும், 1.8 அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். 1.4-க்கும் 1.2-க்கும் தரும் கூடுதல் காசை முதல் லென்ஸில் போடவே வேண்டாம் என்பேன்.

படி 4: மவுன்ட் (லென்ஸை மாட்டும் இடம்), மோட்டார்

பழைய லென்ஸ் வாங்குபவர்கள் கவனிக்க: நிக்கான் டி3500, டி5600 போன்ற கேமரா பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் கச்சிதமாக மாட்டும், படமும் எடுக்கும், ஆனால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்கும், ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

பின்சேர்க்கை: 1.8 வாங்கியும் கண் ஷார்ப்பாக வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். லென்ஸில் கோளாறு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஏபிஎஸ்-சியில் 50 மி.மீ., 1.8, ஒரு மீட்டர் தூரம் என்றால் ஷார்ப்பாக இருக்கும் ஆழமே சுமார் 3 செ.மீ.தான். ஃபோகஸ் பண்ணியபின் லேசாக அசைந்தாலே கண் தப்பிவிடும். சிங்கிள் ஃபோகஸ் பாயின்ட்டைக் கேமராவுக்கு அருகிலுள்ள கண்மேல் வைத்து, எஃப் 2.8, ஷட்டர் 1/200 நொடியில் எடுத்துப் பாருங்கள்.