ஜவ்வரிசியைக் குழாயில் செரிக்கவைக்கும்போது நேரும் தவறுகள்

சேலத்தில் செரிமானச் சோதனை, அதாவது உணவை உடலுக்கு வெளியே கண்ணாடிக் குழாயில் செரிக்கவைத்துப் பார்ப்பது, செய்பவரின் மேசைக்கு ஜவ்வரிசி வராமல் இருக்காது. 2023-இல் ஊரின் பெயரோடு புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. "ரத்தச் சர்க்கரையை ஏற்றுமா?" என்பதுதான் கொண்டுவருபவர்களின் முதல் கேள்வி. அதற்குத் தவறான பதில் சொல்லிவிடுவது மிக எளிது.

இந்தச் சோதனைக்குப் பல நாட்டு ஆய்வகங்கள் பின்பற்றும் இன்ஃபோஜெஸ்ட் என்ற பொது முறை 2014-இல் வெளியாகி, 2019-இல் திருத்தப்பட்டது. 37 டிகிரி வெப்பத்தில், உமிழ்நீர்க் கரைசலில் 2 நிமிடம், பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7-க்குக் கீழே அமிலம்) 3 உள்ள இரைப்பைக் கரைசலில் 2 மணி நேரம், பி.எச். 7 உள்ள சிறுகுடல் கரைசலில் மேலும் 2 மணி நேரம். கடைசிக் கட்டத்தில் மாவுச்சத்தை வெட்டுவது கணைய அமைலேஸ் என்ற நொதி. அது பெரும்பாலும், இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த மால்டோஸ் என்ற சர்க்கரையோடு நின்றுவிடும். மால்டோஸைக் குளுக்கோஸாக்கும் நொதிகள் நம் குடல் சுவரில் இருக்கின்றன. கண்ணாடிக் குழாயில் இல்லை. இதை மறந்து குளுக்கோஸை மட்டும் அளந்தால் எண் மிகக் குறைவாக வரும். அந்த எண்ணை நம்பி, "நீரிழிவு உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்" என்று எழுதிக் கொடுப்பது பெரிய அநியாயம். ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மரவள்ளி மாவுச்சத்து. அமைலோகுளுக்கோசிடேஸ் என்ற நொதியைச் சேர்த்து மால்டோஸையும் உடைத்த பிறகே அளக்க வேண்டும்.

அடுத்தது சமையல். வெந்த மணி ஒன்றை விரலால் நசுக்கிப் பாருங்கள். சுற்றிலும் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்து, நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உள்மாவு வேகவில்லை. அங்கே அமைலேஸ் மெதுவாகத்தான் வேலை செய்யும். சூடான பாயசமும், ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் இருந்த பாயசமும் ஒன்றல்ல. ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி மீண்டும் இறுகி, செரிக்கக் கடினமாகிவிடும். எவ்வளவு நேரம் வெந்தது, எவ்வளவு நேரம் ஆறியது என்பதைக் குறித்துக்கொள்ளாமல் குழாயைத் தொடாதீர்கள். மிக்ஸியில் கூழாக அரைத்துப் போடுவதும் வேண்டாம். வாயில் யாரும் அப்படி மெல்வதில்லை.

நொதியைக் கிராம் கணக்கில் நிறுத்துப் போடாதீர்கள். புட்டிக்குப் புட்டி வீரியம் மாறும். அதை அளந்தறிந்து, இரைப்பைக் கட்டத்தில் மில்லிலிட்டருக்கு 2,000 அலகு பெப்சின் (புரதத்தைச் செரிக்கும் நொதி) இருக்கும்படி சேர்க்க வேண்டும். உணவு போடாத வெறும் குழாய் ஒன்றையும் கூடவே வையுங்கள். நொதிகளும் புரதம்தான், அவையும் செரிந்து கணக்கில் கலந்துவிடும்.

உணவைப் போலவே மருந்தையும் குழாயில் சோதிக்கும்போது அடிக்கடி தடுக்குவது, இரைப்பை அமிலத்தைத் தாங்கிக் குடலில் கரையும் உறை பூசிய மாத்திரை. அதை முதலில் 2 மணி நேரம் அமிலத்தில் வைத்து, உறை தாங்குகிறதா என்று பார்த்த பிறகே பி.எச். 6.8 கரைசலுக்கு மாற்ற வேண்டும். நேராக அதில் போட்டால் எல்லாம் நன்றாகக் கரைந்ததாகத் தோன்றும். இரும்புச்சத்து மாத்திரையிலும் இதே கவனம் தேவை. அமிலத்தில் தனியாகக் கரைந்துவிடும். ஆனால் ஏற்காட்டில் அதை விழுங்குபவர் பக்கத்தில் ஒரு டம்ளர் காபியும் இருக்கும். காபியில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு, குடல் உறிஞ்சும் அளவைக் குறைத்துவிடும். அந்தக் காபியையும் குழாயில் ஊற்றிப் பாருங்கள்.