சிசிடி நொதியத்த பாடமாக்காம கீறிப் பிடிக்கிற முறை

திருகோணமலையில இப்ப பயோகெமிஸ்ட்ரி எக்ஸாமுக்கு ஓடித் திரியிற தம்பி தங்கச்சியளுக்குத்தான் இது. சிசிடி (CCT) எண்டது, கல மென்சவ்வின்ர முக்கிய லிப்பிட்டான பொஸ்பரிடைல்கோலின கலம் செய்யேக்க ஒரு படிய நடத்துற நொதியம். பின்னேரம் டச் பே பக்கம் காத்து வாங்கப் போகேக்க ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு போங்கோ, நோட்ஸ் வேண்டாம்.

முதல்ல இடப்பக்கம் கோலின் எண்டு எழுதுங்கோ, அதுல பொஸ்பேற்று ஏறினா பொஸ்போகோலின், பிறகு சிடிபி-கோலின் (CDP-choline), கடைசில டைஅசைல்கிளிசரோலோட சேர்ந்து பொஸ்பரிடைல்கோலின், அவ்வளவுதான், 1956ல யூஜின் கென்னடியும் சாமுவேல் வைஸும் காட்டின பாதை இது.

இப்ப நடு அம்புக்குறிய மட்டும் சிவப்பால தடிப்பாக்குங்கோ. அதுதான் சிசிடி. சிடிபி (CTP) எண்ட மூலக்கூற எடுத்து பொஸ்போகோலின சிடிபி-கோலினாக்கும் (CDP-choline), பைரோபொஸ்பேற்று வெளிய போகும், வழமையா முழுப் பாதைன்ர வேகத்தையும் தீர்மானிக்கிறது இதுதான், அதால மார்க்ஸும் இங்கதான் கிடக்கு.

அடுத்தது எனக்கு ஆகலும் பிடிச்ச இடம், இத அவசரப்படாமக் கீறுங்கோ. கலத்துக்குள்ள மென்சவ்வக் கீறி, பக்கத்தில சிசிடிய ஒரு வால் வச்சுக் கீறுங்கோ. மென்சவ்வில பொஸ்பரிடைல்கோலின் குறைஞ்சா, கிடுகு வேலியில நீக்கல் விழுந்த மாதிரி லிப்பிட்டுத் தலையளுக்கு இடையில இடம் வரும், அந்த வால் சுருளா மாறி அதுக்குள்ள இறங்கும், அதுவரைக்கும் நொதியத்த அமத்தி வச்சிருந்ததும் அந்த வால்தான், இறங்கின உடன நொதியம் வேலைய வேகமாத் தொடங்கும். போதிய அளவு வந்தா வால் கழண்டிடும். மென்சவ்வு தன்ர குறைய தானே அளக்குது, எவ்வளவு வடிவான விசயம்!

ஓரத்தில ஈரலுக்கு எண்டு பிஇஎம்டி (PEMT) பாதையையும் சின்னதா போடுங்கோ, அது பொஸ்பரிடைல்எதனோலமீன பொஸ்பரிடைல்கோலினா மாத்துற வேற வழி, அங்க பொஸ்பரிடைல்கோலின்ல கிட்டத்தட்ட 30 வீதம் அதாலதான் வருது.