முக்கிய இலக்கங்களும் முழுமையாக்கலும்: ஒரு பவுன் தங்கத்தை வைத்து ஒரு பாடம்

இங்கே மலேசியாவில், படிவம் மூன்று கணிதத்தின் இரண்டாம் அத்தியாயம் தொடங்கும் வாரத்தில் எங்கள் அடுக்குமாடியில் யாராவது ஒரு பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்கும். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அங்கிள், இந்தப் பூஜ்யத்தை எண்ண வேண்டுமா, விட்டுவிடலாமா?" தமிழ்ப்பள்ளியில் கிட்டிய பத்து, கிட்டிய நூறு என்று நன்றாகப் படித்துத் தேறிய பிள்ளைகள்தான். இடைநிலைப் பள்ளியில் அதன் அண்ணன் 'அங்கா பெர்எர்த்தி' (முக்கிய இலக்கங்கள்) என்ற மலாய்ப் பெயரில் வந்து நின்றதும் திகைத்துப் போகிறார்கள். வீட்டில் சொல்லிக்கொடுப்பதை அதே வரிசையில் இங்கே எழுதிவைக்கிறேன். தசமம், இடமதிப்பு, பத்தின் அடுக்கு மூன்றும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் கணித ஆசிரியர் இல்லை. பினாங்கின் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் அளவீட்டுப் பிரிவில் வேலை. அதனால் என் விளக்கம் பாடநூலிலிருந்து தொடங்காது, தராசிலிருந்து தொடங்கும்.

படி 1: கடைசி இலக்கத்தைக் கவனியுங்கள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் நகை எடுக்கப் போனால், தராசின் திரையைப் பாருங்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் சங்கிலியை வைத்ததும் எண்கள் ஓடும். 24.3 வரை சட்டென்று நின்றுவிடும். கடைசி இலக்கம் மட்டும் 6, 7, 6, 7 என்று ஊசலாடி, மேலே சுழலும் மின்விசிறியை யாராவது நிறுத்தியதும் 7இல் வந்து அமரும். எடை 24.37 கிராம்.

இதில் 2, 4, 3 ஆகிய மூன்றும் உறுதியானவை. 7 ஓரளவுக்கு மதிப்பீடு. உறுதியான இலக்கங்கள் எல்லாவற்றோடும் அந்த ஒரே ஒரு மதிப்பீட்டு இலக்கத்தையும் சேர்த்து எண்ணினால் கிடைப்பதுதான் முக்கிய இலக்கங்கள். இங்கே நான்கு. யாராவது 24.3700 என்று எழுதினால், தராசு பார்க்காத இரண்டு இலக்கங்களைப் பார்த்ததாகச் சொல்கிறார் என்று பொருள். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

படி 2: பூஜ்யங்கள்

இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். ஆகவே நிதானமாகப் போவோம்.

நடுவில் இருக்கும் பூஜ்யத்தில் சிக்கலே இல்லை. 5.03 என்றால் மூன்று முக்கிய இலக்கங்கள்.

முன்னால் வரும் பூஜ்யங்கள் எண்ணிக்கையில் சேராது. ஏன் என்பதற்கு அலகை மாற்றிப் பார்ப்பதே சிறந்த சோதனை. 0.0052 கிலோகிராம் எடையுள்ள மோதிரத்தை 5.2 கிராம் என்று எழுதினால் பூஜ்யங்கள் எல்லாம் காணாமல் போய்விடுகின்றன. அலகை மாற்றியதும் மறைவது அளவீடாக இருக்க முடியாது. அது இடம் காட்டுவதற்கு மட்டும் நின்றிருந்தது. மோதிரம் இரண்டு முக்கிய இலக்கம்தான்.

தசமப் புள்ளிக்குப் பின்னால் கடைசியில் வரும் பூஜ்யம் கட்டாயம் எண்ணப்படும். 12.5க்கும் 12.50க்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். தொழிற்சாலையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். இயந்திர உதிரிபாகத்தின் வரைபடத்தில் 12.5 மில்லிமீட்டர் என்று இருந்தால் ஒரு வகைத் தளர்வு (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு), 12.50 என்று இருந்தால் அதைவிடக் கறாரான தளர்வு என்று வரைபடத்தின் மூலையிலேயே போட்டிருப்பது வழக்கம். அந்த ஒரு பூஜ்யத்துக்காகக் கருவி மாறும், நேரம் கூடும், விலையும் ஏறும். ஆகவே 12.50 என்ற விடையில் கடைசிப் பூஜ்யத்தை "தேவையில்லை" என்று வெட்டிவிடாதீர்கள்.

மிஞ்சி நிற்பது தசமப் புள்ளியே இல்லாத முழு எண்ணின் வால் பூஜ்யங்கள். உண்மையிலேயே குழப்பமான இடம் இதுதான். இரண்டாம் பினாங்குப் பாலம் 24 கிலோமீட்டர் நீளம் என்கிறோம். மீட்டரில் எழுதினால் 24,000. இந்த மூன்று பூஜ்யங்களையும் யாரும் நாடா பிடித்து அளக்கவில்லை. ஆயிரத்தால் பெருக்கியதால் வந்து ஒட்டிக்கொண்டவை. ஆனால் வெறும் 24,000 என்ற எண்ணைப் பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

தெரியாது. இதற்கு எவரெஸ்டே சாட்சி. 1856ஆம் ஆண்டில் அந்தச் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. கணக்கில் கிடைத்தது சரியாக 29,000 அடி என்றும், அப்படியே வெளியிட்டால் தோராயமாகச் சொன்னது என்று மக்கள் நினைத்துவிடுவார்கள் என்பதால் இரண்டு அடி கூட்டப்பட்டது என்றும் நெடுங்காலமாக ஒரு கதை சொல்லப்படுகிறது. பாவம், மூன்று பூஜ்யங்களும் உழைத்துச் சம்பாதித்தவை என்று காட்ட அன்று வேறு வழி தோன்றவில்லை போலும்.

நமக்கு வழி இருக்கிறது: திட்ட வடிவம், அதாவது 1 முதல் 10க்குள் உள்ள ஓர் எண்ணைப் பத்தின் அடுக்கால் பெருக்கி எழுதுவது. பாலத்தை 2.4 × 10⁴ மீட்டர் என்று எழுதினால் இரண்டு முக்கிய இலக்கம். எவரெஸ்டை 2.9000 × 10⁴ அடி என்று எழுதினால் ஐந்து. சந்தேகமே எழாது. பாடநூல் முக்கிய இலக்கத்தையும் திட்ட வடிவத்தையும் ஒரே அத்தியாயத்தில் வைத்திருப்பது காரணத்தோடுதான்.

ஒரு விலக்கு. பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள் ஏறுகிறோம். இது அளந்த எண் அல்ல, எண்ணிய எண். எண்ணியவற்றுக்கும், 1 அங்குலம் = 2.54 சென்டிமீட்டர் போல வரையறுத்தவற்றுக்கும் முக்கிய இலக்க வரம்பு கிடையாது. கணக்கில் அவை விடையைக் கட்டுப்படுத்தாது.

படி 3: முழுமையாக்குதல்

ஒரு பவுன் என்றால் 8 கிராம் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பிரிட்டிஷ் தங்கப் பவுன் நாணயத்தின் முறையான எடை 7.98805 கிராம். இதையே பிடித்துப் படிப்படியாக இறங்குவோம்.

வேண்டிய இலக்கம் வரை இடமிருந்து எண்ணி ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு வலப்பக்கம் உள்ள முதல் இலக்கத்தை மட்டும் பாருங்கள். 5 அல்லது அதற்கு மேல் என்றால் இடப்பக்க இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டுங்கள். 4 அல்லது அதற்குக் கீழ் என்றால் அப்படியே விடுங்கள்.

ஐந்து முக்கிய இலக்கம்: 7.9881
நான்கு: 7.988
மூன்று: 7.99
இரண்டு: 8.0
ஒன்று: 8

இரண்டு முக்கிய இலக்கத்துக்கு 8 என்று எழுதி மதிப்பெண்ணை இழப்பவர்கள் ஏராளம். 8.0 தான் விடை. அந்தப் பூஜ்யத்தை எழுதாவிட்டால் இரண்டாவது இலக்கம் எங்கே?

முழு எண்ணில் இதற்கு நேர்மாறான சிக்கல். 46,850ஐ இரண்டு முக்கிய இலக்கத்துக்கு மாற்றச் சொன்னால் 47 என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். நாற்பத்தாறாயிரம் ரிங்கிட் சம்பாதிப்பவரிடம் நாற்பத்தேழு ரிங்கிட்டைக் கொடுத்து அனுப்பினால் சும்மா போவாரா? 47,000 என்று எழுத வேண்டும். வெட்டிய இலக்கங்களின் இடத்தைப் பூஜ்யம் நிரப்ப வேண்டும்.

இன்னொன்று: ஒரே தாவலில் முழுமையாக்குங்கள். 4.3468ஐ இரண்டு முக்கிய இலக்கத்துக்கு மாற்றினால் 4.3. அதையே 4.347, பிறகு 4.35, பிறகு 4.4 என்று படியிறங்கினால் விடை தவறிவிடும். கோட்டுக்கு அடுத்த ஒரே இலக்கம்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்குப் பின்னால் நிற்பவர்கள் வரிசையாக வந்து பரிந்துரை செய்யக் கூடாது.

முழுமையாக்குவது வேறு, வெட்டிவிடுவது வேறு என்பதற்கு நம் கழுத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு தொங்குகிறது. 22 காரட் என்றால் 24இல் 22 பங்கு தங்கம்; வகுத்தால் 0.91666… மூன்று முக்கிய இலக்கத்துக்கு முழுமையாக்கினால் 0.917. ஆனால் நகையில் பொறித்திருப்பது 916. மீதியை வெட்டிவிட்ட எண் அது. ஆயிரத்தில் 917 பங்கு என்று பொறித்தால் இல்லாத தங்கத்தை இருப்பதாகச் சொன்னதாகிவிடும் அல்லவா?

நகையில் வெட்டுவது நல்லதுதான். எல்லா இடத்திலும் நல்லதில்லை. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982இல் பங்கு விலைகளின் போக்கைக் காட்டும் ஒரு குறியீட்டை 1000.000 என்று தொடங்கியது. ஒவ்வொரு வர்த்தகத்துக்குப் பிறகும் குறியீட்டைத் திருத்தும்போது மூன்றாம் தசமத்துக்கு அப்பால் உள்ளதை முழுமையாக்காமல் வெட்டிக்கொண்டே வந்தார்கள். 1983 நவம்பரில் குறியீடு 524.811 என்று காட்டியது. சரியாகக் கணக்கிட்டபோது அது 1098.892! சந்தை விழவே இல்லை. வால்கள் மட்டும்தான் விழுந்துகொண்டிருந்தன.

படி 4: கணக்குப் போடும்போது

பெருக்கல், வகுத்தலில் முக்கிய இலக்கம் குறைவாக உள்ள எண்தான் விடையைத் தீர்மானிக்கும். 4.2 மீட்டர் × 3.15 மீட்டர் அறையின் பரப்பு கால்குலேட்டரில் 13.23. எழுத வேண்டியது 13 சதுர மீட்டர்.

கூட்டல், கழித்தலில் தசம இடங்களைப் பாருங்கள், முக்கிய இலக்கங்களை அல்ல. நகைக்கடைத் தராசில் 12.46 கிராம் சங்கிலி, வீட்டுச் சமையலறைத் தராசில் 3.1 கிராம் பதக்கம். கூட்டினால் 15.56. ஆனால் பதக்கத்தின் இரண்டாம் தசமம் நமக்குத் தெரியவே தெரியாது. ஆகவே 15.6 கிராம்.

இவை இரண்டையும் விட முக்கியமானது ஒன்று: நடுவில் முழுமையாக்காதீர்கள். 24.37 கிராம் எடையுள்ள 22 காரட் சங்கிலியில் சுத்தத் தங்கம் எவ்வளவு? 22/24 என்பது வரையறுத்த விகிதம், அதற்கு வரம்பு இல்லை. நேராகப் போட்டால் 22.339…, அதாவது 22.34 கிராம். 22/24ஐ முதலிலேயே 0.917 ஆக்கிவிட்டுப் பெருக்கினால் 22.35. 0.92 ஆக்கினால் 22.42. தராசு பார்க்கக்கூடிய கடைசி இலக்கத்தையே நாம் குலைத்துவிட்டோம். இன்றைய தங்க விலையில் 0.08 கிராமைச் சும்மா விட்டுவிடுவீர்களா? வேலைத்தாளில் இடைப்பட்ட விடையை எழுதும்போது இரண்டு இலக்கம் கூடுதலாக எழுதுங்கள். கால்குலேட்டருக்குள் முழு எண்ணும் அப்படியே இருக்கட்டும்.

கருவிகள்: என் கட்சி

கைப்பேசிக் கால்குலேட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. தேர்வு அறைக்குள் அது வராது. பழகிய கருவிதான் கை கொடுக்கும். பழைய கேசியோ 570 எம்எஸ் கால்குலேட்டர் போதும். 'மோட்' பொத்தானைத் திரையில் ஃபிக்ஸ், சை, நார்ம் என்ற மூன்றும் வரும் வரை அழுத்துங்கள். சை என்பதற்கு 2ஐ அழுத்தி, பிறகு எத்தனை முக்கிய இலக்கம் என்ற எண்ணை அழுத்தினால் விடை திட்ட வடிவத்தில் அத்தனை இலக்கத்தோடு வரும். சரிபார்க்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் வழக்கமான நிலையான நார்முக்குத் திரும்பிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த பாடத்தின் விடைகள் எல்லாம் விநோதமாக வரும், கருவி கெட்டுவிட்டது என்று அப்பாவிடம் புகார் போகும். தொடர் கணக்குக்கு, முந்தைய விடையை அப்படியே எடுத்துத் தரும் 'ஆன்ஸ்' பொத்தானைப் பழகுங்கள். திரையில் உள்ளதைத் திரும்பத் தட்டுவது வேண்டாத வேலை.

எக்செலில் ரவுண்ட் கட்டளை கேட்பது தசம இடங்களை, முக்கிய இலக்கங்களை அல்ல. 0.004683ஐ மூன்று முக்கிய இலக்கத்துக்கு மாற்ற 5 என்று கொடுக்க வேண்டும். 46,850ஐ இரண்டுக்கு மாற்ற −3 என்று கொடுக்க வேண்டும். கட்டத்தின் வடிவமைப்பில் தசமங்களைக் குறைப்பது முழுமையாக்கல் ஆகாது. கண்ணுக்கு மறைக்கிறதே தவிர, உள்ளே பழைய எண்ணே இருக்கிறது.

பிற்சேர்க்கை 1

9.96ஐ இரண்டு முக்கிய இலக்கத்துக்கு மாற்றினால் 10.0 சரியா என்று ஒரு தாயார் கேட்டிருந்தார். இல்லை, 10.0இல் மூன்று இலக்கங்கள் இருக்கின்றன. 10 என்று எழுத வேண்டும். ஐயத்துக்கு இடமில்லாமல் எழுத 1.0 × 10¹. இதே வகையில் 0.0996 என்பது 0.10 ஆகும்.

பிற்சேர்க்கை 2

கடையில் 12.43 ரிங்கிட் பில் 12.45 ஆவது எந்த விதி என்று கேட்கிறார்கள். அதே விதிதான், படியின் அளவு மட்டும் வேறு. 2008 ஏப்ரல் 1 முதல், ரொக்கமாகக் கட்டும்போது மொத்தப் பில்லை அருகிலுள்ள 5 சென்னுக்கு மாற்றுகிறோம். 1, 2 என்று முடிந்தால் பூஜ்யத்துக்கு இறங்கும். 3, 4 என்றால் 5க்கு ஏறும். 6, 7 என்றால் 5க்கு இறங்கும். 8, 9 என்றால் பத்துக்கு ஏறும். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக இப்படிச் செய்வதில்லை, மொத்தத்துக்கு மட்டும். நடுவில் முழுமையாக்காதே என்ற பாடம் கல்லாவிலும் செல்லும்.

பிற்சேர்க்கை 3

பைத்தான் என்ற நிரல்மொழியைப் படிக்கும் ஒரு தம்பி, 2.5ஐ ரவுண்ட் செய்தால் 2 என்று வருகிறதே, மொழியில் பிழையா என்று எழுதியிருந்தார். பிழையில்லை. பைத்தான் 3, சரியாக நடுவில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளும், 3.5 கொடுத்தால் 4 வரும். 5 வரும்போதெல்லாம் மேலேயே ஏற்றினால் நீண்ட பட்டியலின் கூட்டுத்தொகை மெல்ல மெல்ல உப்பிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. எக்செலில் அதே 2.5, 3 ஆகும். பள்ளித் தேர்விலும் 3தான். அங்கே போய்ப் பைத்தானைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம், தம்பி.