அலாரத்தில் திடுக்கிடாமல் எழும்ப: என் அனுபவம்

தை மாதம் கிளிநொச்சியில் ஆறரையை ஒட்டித்தான் விடியும், எனக்கோ முதல் பஸ்ஸுக்கு 4.45க்கே எழும்ப வேண்டும். ஃபோன் அலாரம் அடித்தால் நெஞ்சு படபடக்கும், பிள்ளையும் அழும். மெல்லிய பாட்டு வைத்தேன், அது கேட்கவே இல்லை. ஃபோனைத் தூரத்தில் வைத்தேன், நடந்து போய் நிறுத்திவிட்டு மறுபடி படுத்தேன்.

பிறகு வெளிச்சத்தில் எழும்பலாம் என்று, கரண்டில் சக்கரம் சுற்றி, வைத்த நேரத்துக்குத் தானாக விளக்கைப் போடும் சுழல் டைமர் பிளக்கில் மஞ்சள் மேசை விளக்கை மாட்டி 4.30க்கு வைத்தேன். இரண்டு நாள் சரி, மூன்றாம் நாள் 5.10க்குத்தான் எரிந்தது. பிளக் பழுது என்று நினைத்தேன். இரவில் கரண்ட் போன நாற்பது நிமிடமும் அந்தச் சக்கரம் சுற்றாமல் நின்றிருக்கிறது! உள்ளே பற்றரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்கியதும் நேரம் பிசகவில்லை. விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள், நேரே அடித்தால் நுளம்பு வலை முழுக்கப் பளீரென்று வெளிக்கும். அலாரம் 4.50க்கு இன்னும் இருக்கிறது, பெரும்பாலும் அடிக்குமுன் நிறுத்திவிடுகிறேன்.